தேரோட்டியின் குரல்



இந்த மாதப் பாடம் விளையாட்டைப் பற்றியது. நம் இயக்கத்தில் பலர் வார இறுதியில் பிள்ளைகளுக்குப் பந்து, ஓட்டம், பூப்பந்து, சிலம்பம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறோம். எப்படி ஓடணும், எப்படி அடிக்கணும் என்று நமக்குத் தெரியும். தோற்றுப் போய் நிற்கிற பிள்ளையிடம் என்ன பேசணும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கும்தான். அதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படக் கூடியது அல்ல. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் செய்த தவறு

ஜார்ஜ்டவுன் பாடாங் பிரவுன் திடலில் சனிக்கிழமை மாலைகளில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டி. 4×100 மீட்டர் அஞ்சல் ஓட்டம். அன்று காலையில் எங்கள் அணியின் இரண்டாவது ஓட்டக்காரனுக்குக் காய்ச்சல். மூன்றாவதாக ஓடிப் பழகிய 13 வயதுப் பையனை இரண்டாவது இடத்துக்கு மாற்றிவிட்டு, மாற்று ஆட்டக்காரனை மூன்றாவதில் நிறுத்தினேன்.

அஞ்சல் ஓட்டம் ஓடியவர்களுக்குத் தெரியும். முதல் ஆள் கோலை வலக்கையில் கொண்டு வருவார். இரண்டாம் ஆள் இடக்கையில் வாங்குவார். மூன்றாம் ஆள் வலக்கை, நான்காம் ஆள் மறுபடி இடக்கை. வாங்கிய கையிலேயே வைத்து ஓடி முடிக்கணும். நடுவில் கை மாற்றக் கூடாது. இந்தப் பையனுக்கு வலக்கையில் வாங்கித்தான் பழக்கம். நான் இடத்தை மாற்றினேனே தவிர, கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடக்கையில் வாங்கியவன் பத்து அடி ஓடியதும் வலக்கைக்கு மாற்றப் பார்த்தான். கோல் நழுவிக் கீழே விழுந்தது.

கீழே போட்டவரே கோலை எடுத்துக்கொண்டு ஓடலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. அவனும் எடுக்கத்தான் குனிந்தான். அந்த நேரத்தில் நான் கயிற்றுக்கு வெளியே நின்று கத்தினேன்: "ஒரு குச்சியைப் பிடிக்கத் தெரியல, நீயெல்லாம் எதுக்குடா ஓட வந்த!"

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான். கோல் அவன் காலடியிலேயே கிடந்தது.

அடுத்த மூன்று சனிக்கிழமை அவன் பயிற்சிக்கு வரவில்லை. போன் செய்தேன். அவன் அம்மாதான் எடுத்தார். "தம்பி, அவன் ஓடுற ஷூவைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டான். நான்தான் எடுத்துக் கழுவி வச்சிருக்கேன். அவன்கிட்ட என்னதான் சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு தேரோட்டிகள்

அந்த வாரம்தான் மகாபாரதத்தில் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. குருக்ஷேத்திரத்தில் பேர் பெற்ற தேரோட்டிகள் இருவர் இருந்தார்கள். ஒருவரை நமக்கெல்லாம் தெரியும், அர்ஜுனனின் தேரை ஓட்டிய கிருஷ்ணர். இன்னொருவர் கர்ணனின் தேரை ஓட்டிய சல்லியன்.

சல்லியன் சாதாரண ஆள் இல்லை. மத்ர நாட்டு மன்னன், நகுல சகாதேவர்களின் தாய்மாமன். குதிரைகளைப் பற்றிய அறிவில் கிருஷ்ணருக்கு இணையானவன் என்றுதான் அவனைத் தேரில் ஏற்றினார்கள். அவன் கையில் தேர் நன்றாகவே ஓடியது. அவன் வாய்தான் கர்ணனை வீழ்த்தியது. போர்க்களத்துக்குப் போகும் வழியெல்லாம் கர்ணனை மட்டம் தட்டினான், அர்ஜுனனோடு ஒப்பிட்டுப் பேசினான். அன்னத்தோடு போட்டி போட்டுப் பறந்து கடலில் தவித்த காகத்தின் கதையைச் சொல்லி, அந்தக் காகம் நீதான் என்றான். கர்ணனின் ஊக்கத்தைக் குறைப்பதாக தருமரிடம் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தவன் அவன்.

சல்லியன் இதைச் செய்தது எதிரணிக்கு உதவ. நாமோ எதிரணி கேட்காமலேயே நம் பிள்ளையின் தேரில் ஏறி அதே வேலையைச் செய்கிறோம். "அந்த ஸ்கூல் பையனைப் பாரு, எப்படி ஓடுறான்." "உன் அண்ணன் உன் வயசுல கப் வாங்கிட்டான்." இது எல்லாமே காகத்தின் கதைதான்.

கிருஷ்ணரைப் பாருங்கள். கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ஜுனனுக்கு உடம்பு நடுங்குகிறது, வாய் உலர்கிறது, வில் கையை விட்டு நழுவுகிறது. போட்டிக்கு முன் பதற்றப்படும் பிள்ளைக்கு நாம் பார்க்கிற அதே அறிகுறிகள். கிருஷ்ணர் அவனைக் கடிந்துகொள்ளவே இல்லையா? கடிந்துகொண்டார். இந்தச் சோர்வு உனக்குப் பொருந்தாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் அர்ஜுனன் "நான் போரிட மாட்டேன்" என்று உட்கார்ந்த பிறகும் அவர் தேரை விட்டு இறங்கவில்லை. அவன் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னார். கடைசி அத்தியாயத்தில், எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நன்றாக யோசித்து உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டார்.

இதுதான் நம் பாடத்தின் மையம். கண்டிப்பு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கண்டிப்பு செயலைத் திருத்தும். சிறுமைப்படுத்தும் பேச்சு ஆளையே உடைக்கும். "இடக்கையிலேயே வச்சிரு" என்பது கண்டிப்பு. "நீயெல்லாம் எதுக்கு வந்த" என்பது சல்லியன் பேச்சு.

ஆராய்ச்சி சொல்வது

இது வெறும் புராண விளக்கம் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970-களிலிருந்து சிறுவர் பேஸ்பால் பயிற்றுநர்களைத் திடலிலேயே கவனித்து ஆராய்ந்தார்கள். பயிற்றுநர் என்ன பேசுகிறார், பிள்ளை தவறு செய்ததும் என்ன செய்கிறார் என்று குறித்துக்கொண்டு, பிறகு பிள்ளைகளிடமும் கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்றுநரைப் பிடிப்பதற்கும் அணி எத்தனை ஆட்டம் வென்றது என்பதற்கும் பெரிய தொடர்பு இல்லை. தவறுக்குப் பிறகு தைரியம் சொல்லி, சரியான முறையைக் காட்டிக் கொடுத்தவர்களைத்தான் பிள்ளைகள் விரும்பினார்கள்.

பிறகு சில பயிற்றுநர்களுக்கு மட்டும் இந்த முறையைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 1992-இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெறாதவர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். பயிற்சி பெற்றவர்களிடம் ஆடியவர்களில் விட்டவர்கள் 5 விழுக்காடுதான்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் மனிதருக்கு மூன்று அடிப்படைத் தேவைகள் உண்டு என்கிறார்கள். என் முடிவில் எனக்கும் பங்கு உண்டு என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, நான் இவர்களில் ஒருவன் என்ற உணர்வு. ஒரே வாக்கியத்தில் நான் மூன்றையும் அந்தப் பையனிடமிருந்து பறித்துவிட்டேன். அவனைக் கேட்காமல் இடத்தை மாற்றினேன். குச்சி பிடிக்கக்கூடத் தெரியாது என்றேன். எதுக்கு வந்தாய் என்று கேட்டேன். யோசித்துப் பாருங்கள், அவன் ஷூவைக் குப்பையில் போட்டதில் என்ன ஆச்சரியம்?

நம்ம பினாங்கு நிக்கோல்

புக்கிட் டும்பாரில் இருக்கும் ஸ்குவாஷ் மையத்துக்கு யார் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். டத்தோ நிக்கோல் டேவிட். 1983-இல் பினாங்கில் பிறந்தவர். 1999-இல் உலக இளையோர் வெற்றியாளர், 2001-இல் இதே பினாங்கில் நடந்த போட்டியில் மீண்டும் அதே பட்டம். எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 ஆகஸ்ட் முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம்.

பிள்ளைகளுக்கு இந்தப் பட்டியலை மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். மீதிப் பாதி இது. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் இறுதியாட்டத்தில் தோற்றார். 2003-இல் ஆட்டத்தையே சில காலம் நிறுத்தி வைத்தார். பிறகு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், ஒரு காலத்தில் உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரராக இருந்த ஆஸ்திரேலியரான லிஸ் இர்விங்கிடம் பயிற்சியில் சேர்ந்தார். 2005-இல் முதல் உலகப் பட்டம். 2007-இல் உலக முதல்நிலை ஆட்டக்காரராக மாட்ரிட் போனவர் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறினார். அடுத்த ஆண்டு பட்டம் மீண்டும் அவர் கைக்கு வந்தது. அதையும் சேர்த்து 2012 வரை தொடர்ந்து ஐந்து முறை.

கடைசி உலகப் பட்டம் 2014-க்கானது, கெய்ரோவில். எதிரில் எகிப்தின் ரனீம் எல் வெலிலி, சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன். நான்காவது செட்டில் ரனீம் 10-6 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் பட்டம் அவருக்கு. நான்கு வாய்ப்பு கையில் இருந்தது. நிக்கோல் ஒவ்வொரு புள்ளியாக எடுத்து அந்த செட்டை 14-12 என்று மாற்றி, ஐந்தாவதை 11-5 என்று முடித்தார்.

இந்தக் கதையை நாம் எப்போதும் நிக்கோல் பக்கத்திலிருந்தே சொல்கிறோம். ரனீம் பக்கமும் பாருங்கள். உலகப் பட்டத்தை நான்கு முறை கையருகில் வைத்துத் தவறவிட்டவர் அவர். அவரை யாராவது "ஒரு புள்ளி எடுக்கத் தெரியல" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தால்? ரனீம் ஆட்டத்தை விடவில்லை. 2015 செப்டம்பரில் நிக்கோலின் முதலிடத்தைப் பிடித்தவர் அவர்தான். 2017-இல் உலகப் பட்டத்தையும் வென்றார். தோற்ற நாளை வைத்து ஒரு பிள்ளையின் கணக்கை முடிக்கக் கூடாது என்பதற்கு இதை விட வேறு சான்று வேண்டுமா?

திடலில் செய்ய வேண்டியவை

1. முதல் ஒரு நிமிடம் வாயை மூடுங்கள். தோற்ற உடனே பிள்ளையின் நெஞ்சு படபடக்கும், காதில் எதுவும் ஏறாது. தண்ணீர் கொடுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். நுட்பம் எல்லாம் அடுத்த பயிற்சியில் பேசிக்கொள்ளலாம்.

2. தவறைத் திருத்தும்போது மூன்று படி. முதலில் அவன் சரியாகச் செய்தது ஒன்று. அடுத்து மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று. கடைசியில் நம்பிக்கை. "வாங்கும்போது வேகத்தைக் குறைக்கல, நல்லது. அடுத்த தடவை இடக்கையிலேயே வச்சிரு. உன்னால முடியும்." பொய்ப் பாராட்டு வேண்டாம், பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. ஜாம்பவானாக இருங்கள். கடலைத் தாண்ட யார் போவது என்று வானரர்கள் கலங்கியபோது, அனுமன் ஒரு பக்கமாகப் பேசாமல் உட்கார்ந்திருந்தான். ஜாம்பவான் அவனைத் திட்டவில்லை, வேறு யாரோடும் ஒப்பிட்டுத் தாழ்த்தவில்லை. உன் பிறப்பு இது, உன் பலம் இது என்று எடுத்துச் சொன்னார். ஒவ்வொரு பிள்ளையின் பலத்தையும் நாம் தெரிந்து வைத்திருந்தால்தான் அவன் மறக்கிற நேரத்தில் நினைவுபடுத்த முடியும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. முடிவில் பங்கு கொடுங்கள். "இன்னிக்கு ரெண்டாவதா ஓடுறியா? இடக்கையில வாங்கணும், சரியா வருமா?" இந்த இரண்டு கேள்வியை அன்று காலையில் நான் கேட்டிருந்தால் கோல் விழுந்தே இருக்காது.

5. ஓய்வுக்கு மதிப்பு கொடுங்கள். பக்கத்து சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த சிவசங்கரி சுப்பிரமணியம் 2022 ஜூனில் கார் விபத்தில் சிக்கித் தலையிலும் கழுத்திலும் எலும்பு முறிந்து கிடந்தார். அந்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டில் ஆட முடியவில்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கம் வென்றார். 2024-இல் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் பட்டமும் அவருக்கு. காயம் பட்ட பிள்ளையை "சும்மா நடிக்காதே" என்று சொல்லும் முன் இதை நினையுங்கள்.

6. வெளியிலிருந்து வரும் கல்லுக்குக் கேடயமாக நில்லுங்கள். 2021 சுதிர்மான் கிண்ணப் போட்டியில் ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றபோது, நம் பூப்பந்து வீராங்கனை கிசோனாவை அரசியல்வாதி ஒருவர் சமூக ஊடகத்தில் இனத்தைச் சொல்லி இழிவாக எழுதினார். எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். சீ விளையாட்டில் நாட்டுக்குத் தங்கம் வென்ற பெண்ணுக்கே இந்த நிலை என்றால் நம் திடலில் ஓடும் பிள்ளைக்கும் ஒரு நாள் இது நடக்கலாம். "கண்டுக்காதே" என்று சொல்லித் தள்ளிவிடாதீர்கள். வலிக்கும்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள், ஏற்பாட்டாளரிடம் நீங்களே போய்ப் புகார் கொடுங்கள். நிறம், உடல் எடை, உயரம் பற்றிய கேலி நம் அணிக்குள்ளேயும் கூடாது. பயிற்றுநர் வாயிலிருந்து கண்டிப்பாகக் கூடாது.

7. பெற்றோரிடமும் பேசுங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் காரில் நடக்கும் விசாரணைதான் பல பிள்ளைகளுக்குப் போட்டியை விடப் பயம். "சாப்பிட்டியா, என்ன வேணும்?" என்று கேட்டால் போதும் என்று சொல்லுங்கள்.

நம் எல்லை எது?

நாம் மருத்துவர்கள் இல்லை. பிள்ளை பல வாரம் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, நண்பர்களை விட்டு ஒதுங்குகிறான், வாழ்வதில் அர்த்தமில்லை என்பது போலப் பேசுகிறான் என்றால், அது பயிற்சியில் சரியாகிற விஷயம் இல்லை. பெற்றோரிடமும் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமும் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 மனநல உதவி எண் இருக்கிறது. வீட்டிலோ திடலிலோ கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் தாலியான் காசே 15999. "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று பிள்ளை கேட்டாலும், உயிருக்கு ஆபத்து என்றால் அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டி வந்தால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் பேசுங்கள். அது பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

உதவி கேட்பது பலவீனம் என்று நம் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். சென்னைப் பையன் குகேஷ் 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனார். முதல் ஆட்டத்தில் தோற்றுத்தான் தொடங்கினார். அந்தப் போட்டிக்குத் தயாராக பேடி அப்டன் என்ற மனப்பயிற்சியாளரின் உதவியை அவர் நாடியது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உலக வெற்றியாளருக்கே தேவைப்பட்டது நம் பிள்ளைக்குத் தேவைப்படாதா?

பிறகு நடந்தது

ஆயர் ஈத்தாமில் அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்தபடியே இருந்தான். அம்மாதான் சொன்னார்: "திட்டுனது அத்தனை பேர் முன்னால. மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளயா தம்பி?"

நியாயமான கேள்வி. அடுத்த சனிக்கிழமை அணி முழுவதையும் உட்கார வைத்துச் சொன்னேன். அன்று கோல் விழுந்தது என் தவறு, இடத்தை மாற்றிவிட்டுக் கையைச் சொல்லிக் கொடுக்காதது நான், கத்தியதும் தவறு. அவன் அங்கே இல்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்துக் கழுவிய ஷூவோடு வந்தான்.

நாங்கள் அதற்குப் பிறகு பெரிய கிண்ணம் எதுவும் வாங்கிவிடவில்லை. அடுத்த ஆண்டு நான்காவதாக வந்தோம். ஆனால் அன்று பயிற்சி முடிந்து கோல்களைப் பொறுக்கும்போது அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. "கோச், அன்னிக்கு எல்லாரும் கத்திக்கிட்டுதான் இருந்தாங்க. எனக்கு உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு."

தம்பி தங்கைகளே, தேரில் இருக்கும் பிள்ளைக்குத் தேரோட்டியின் குரல்தான் முதலில் கேட்கும். அது யாருடைய குரலாக இருக்கணும் என்பதை நாம்தான் முடிவு செய்யணும்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் பயிற்றுநர் அல்லது ஆசிரியர் சொன்ன எந்த வாக்கியம் இன்னும் நினைவில் இருக்கிறது? அது உங்களை எப்படி மாற்றியது?

2. கண்டிப்புக்கும் சிறுமைப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் திடலிலிருந்தே இரண்டு உதாரணம் கொடுத்து விளக்குங்கள்.

3. திருக்குறளில் 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தைப் படித்து, தோல்வியடைந்த பிள்ளைக்கு அதை எப்படி எளிய பேச்சில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

4. இந்த வாரப் பயிற்சி: நீங்கள் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளில் யாராவது இரண்டு வாரமாக வராமல் இருக்கிறார்களா? ஒருவருக்குப் போன் செய்யுங்கள். ஏன் வரவில்லை என்று விசாரிக்க வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேளுங்கள்.